ஒன்பது வட்டங்கள்

"மணி ஏழரை ஆயிடுச்சு. ரெண்டு மணிக்கு ஆபீசரு வந்துருவாங்க. அதுக்குள்ள முடிஞ்சிருமாம்மா?" பள்ளித் தாளாளர் ஜெயபிரகாஷ் கீழிருந்து கேட்டார்.

"தட்டிப் பார்க்கறது என் வேலை. மீதி உங்க மேஸ்திரி வேலை," என்றாள் சாரத்தின் மேல் நின்ற அமுதவள்ளி.

பள்ளியின் முன்சுவர் முழுக்க டைல்ஸ். போன மாதம் ஒன்று பெயர்ந்து, பிள்ளைகள் காலையில் வரிசையாக நிற்கும் இடத்தில் விழுந்தது. நல்ல வேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை. இன்று அதிகாரி பார்த்துக் கட்டட உறுதிச் சான்று தராவிட்டால் திங்கட்கிழமை பள்ளியைத் திறக்க முடியாது.

அமுதவள்ளி பீங்கான் யூனிட்டில் தரம் பிரிப்பவள். விரல் கணுவால் ஒவ்வொரு டைலாகத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். எங்கோ ஒன்றில் மட்டும் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"அப்படி என்னம்மா கேக்குது?"

"சொன்னா புரியாது சார்."

"அதுவும் சரிதான். எங்க ஊரு பெண்ணாடத்துல நாங்க கரும்பைக் கடிச்சுத்தான் பார்ப்போம்."

பத்து மணிக்கு இறங்கினாள். ஜெயபிரகாஷ் அண்ணாந்து எண்ணினார்.

"ஒம்பதுதானா?"

"ஒம்பதுதான் சார்." அவள் முகம் வாடியிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். "மேஸ்திரி வந்ததும் காட்டுங்க. யூனிட்டுக்கு நேரமாச்சு, சாப்பாட்டு நேரத்துல வரேன்."

மேஸ்திரி மாயவன் உளியோடு ஏறினார். வட்டம் போட்ட ஒன்பதையும் பெயர்த்துப் புதிதாகப் பதிப்பதற்குள் அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"ஒவ்வொண்ணும் உசுரை வாங்கிடுச்சு சார். வரவே மாட்டேங்குது."

"அப்ப செஞ்ச வேலை அப்படி!" ஜெயபிரகாஷ் சுவரில் பெருமையாகச் சாய்ந்துகொண்டார். "நான் செவுரே போச்சுன்னு பயந்துட்டேன்யா."

ஒன்றே முக்காலுக்கு அமுதவள்ளி வந்தாள். பளபளத்த புது டைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது. அதிகாரியின் ஜீப் கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"முதல்ல செவுத்தை வுட்டுத் தள்ளி வாங்க சார்! யூனிட்டுல நாங்க நல்லதுக்குத்தான் வட்டம் போடுவோம். இவ்ளோ பெரிய செவுத்துல கெட்டியா இருந்ததே அந்த ஒம்பதுதான், அதையா புடுங்கிட்டீங்க?"