அக்காவின் ஆன்டிபாடி

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்களா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்த பிறகே அவள் லேப் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

மேல்தட்டு மூலையில் சீனியர் அக்காவின் குப்பி. சுண்டுவிரல் நுனி அளவுதான். அதிலிருந்த ஆன்டிபாடி, நோயெதிர்ப்புச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரே ஒரு வகை ஏற்பிப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். அப்படி ஒரு பச்சைப் படத்தை இந்த மாதம் காட்டாவிட்டால் வேறு லேப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லியிருந்தார் பேராசிரியர்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை.

"அக்கா, ஒரே ஒரு சொட்டு..."

"ஆசையப் பாரு! புதுசு வர மூணு மாசம் ஆகும். எனக்கே பத்துமோ பத்தாதோன்னு இருக்கேன்."

அக்கா கெட்டிக்காரி. ஒவ்வொரு முறை எடுத்ததும், மீதி எவ்வளவு என்று குப்பியின் மேல் பேனாவால் கோடு போட்டுவிடுவாள்.

அதனால் என்ன? ஒரு சொட்டு எடுத்துவிட்டு, கோடு வரை உப்புக்கரைசல் ஊற்றினால் தீர்ந்தது. பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான்.

மூடியைத் திறந்தாள். வராந்தாவில் யாரோ தும்மினார்கள். கை உதறிவிட்டது. குப்பி பக்கத்திலிருந்த கைகழுவும் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது. மூன்று மாதம் காத்திருந்து வந்த சரக்கு மூன்று நொடியில் சாக்கடைக்குப் போனது.

அழக்கூட நேரமில்லை. கோடு வரை உப்புக்கரைசலை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா அந்தக் குப்பியோடு மைக்ராஸ்கோப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புக்கரைசல் எந்தக் காலத்திலும் ஒளிராது. ஃப்ரிட்ஜைத் தொட்டது யார் என்று விசாரணை வரும். பிறகு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சாயங்காலம் வெளியே வந்த அக்கா நின்று பார்த்தாள்.

"என்னடி ஊமைக்கோட்டான், மூஞ்சி வெளிறிக் கிடக்கு?"

"தலைவலிக்கா."

திங்கட்கிழமை வாராந்தரக் கூட்டம். கேட்டதும் நீட்டிவிடலாம் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தாள்.

அக்கா எழுந்தாள். திரையில் படம் விழுந்தது.

பச்சை! செல்லுக்குச் செல் சுடர்விடும் பச்சை.

"வெள்ளிக்கிழமை எடுத்தது சார். நம்ம பழைய குப்பிதான்."

பேராசிரியர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கொஞ்சம் தாமதமாக இவளும் தட்டினாள்.

"இவ்வளவு நல்லா வேலை செய்யுதே! இந்தப் பொண்ணுக்கும் கொஞ்சம் குடும்மா."

"கொஞ்சம் என்ன சார், முழுசாவே குடுக்கறேன். என் வேலைதான் முடிஞ்சுதே." அக்கா குப்பியைக் கொண்டுவந்து இவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "எனக்கு வந்துச்சு. உனக்கு வரலைன்னா குத்தம் குப்பி மேல இல்லடி."

"வியாழக்கிழமை இதே மாதிரி படம் வந்தாகணும்," என்றார் பேராசிரியர்.

அவள் விரல்களைத் திறந்து பார்த்தாள். அவள் ஊற்றிய உப்புக்கரைசல், அக்கா போட்ட புதுக் கோட்டுக்குச் சரியாக நின்றது.

பையிலிருந்த மன்னிப்புக் கடிதத்தை இனி யார் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.