இடப்பக்க மீசை

"என்னங்க, மீசையில பாதியக் காணோம்?"

டீ டம்ளரோடு குளியலறை வாசலில் நின்று கேட்டாள் என் மனைவி ஜெய்தூன் பீவி. கேள்வி நியாயமானதுதான். வலப்பக்க மீசை இருந்த இடத்திலேயே இருந்தது. இடப்பக்க மீசை வாஷ்பேசினில் மிதந்துகொண்டிருந்தது.

"எல்லாம் உன்னாலதான். மூக்குக்குக் கீழ கத்தி இருக்கிற நேரம் பாத்தா, கறி எத்தனை கிலோ சொன்னீங்கன்னு கேப்ப?"

"கேட்டா வாயால சொல்லணும். கத்தியோட தலையத் திருப்பியா சொல்லுவாக?"

நான் கத்தியைக் கழுவினேன்.

மகள் மஹ்ஜபீன் போன வாரம் என் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த மடக்குக் கத்தி அது. இப்போது இதுதான் ஃபேஷனாம். நான் பேகம்பூரில் முப்பது வருடமாகத் தோல் கடை வைத்திருப்பவன். எருமைத் தோலில் ஒரு நூல் கோணாமல் பெல்ட் வார் வெட்டுகிற கை இது. சொந்தத் தோல் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன். கடையிலிருந்து நல்ல வார் ஒன்றை எடுத்துவந்து, கத்தியைத் தீட்டு தீட்டென்று தீட்டினேன். யூடியூபில் ஒருவர், முதலில் பலூனில் நுரை தடவிப் பழகுங்கள் என்றார். பலூன் வாங்கப் போனால், "யாருக்கு பாய், பேரனுக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். அந்த வெட்கத்தில் நேராக முகத்துக்கு வந்துவிட்டேன்.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பதினோரு மணிக்கு வத்தலக்குண்டிலிருந்து மஹ்ஜபீனைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஒரே மகள். இரண்டு வருடமாக வந்த வரனையெல்லாம் உயரம், ஊர், மூக்கு என்று ஏதாவது சொல்லித் தட்டிவிட்டவள், தரகர் வீடு தேடிவந்து சொன்ன இந்த இடத்துக்குத்தான், "உங்க இஷ்டம் அத்தா" என்று தலையாட்டியிருந்தாள். மாப்பிள்ளை வாஜித்தின் அத்தா சௌகத் அலி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சின்னக் குறை கண்டாலும் எழுந்து போய்விடுவார் என்று தரகர் எச்சரித்திருந்தார்.

போனில் சௌகத் அலியிடம் நானும் சும்மா இருக்கவில்லை. "எங்க பொண்ணு அம்புட்டு அடக்கம். மாப்பிள்ளை போட்டோவைக்கூட நிமிர்ந்து பாக்கல" என்றேன். "எங்க பையனும் அதே வளர்ப்புதான்" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

"தரகர் காட்டுன குடும்ப போட்டோவுல நீங்க மீசையோட இருக்கீங்க. வீடு மாறி வந்துட்டோம்னு வாசலோட திரும்பிரப் போறாக" என்றாள் ஜெய்தூன்.

மிச்ச மீசையையும் எடுத்தேன். அந்த வேகத்தில் உதட்டோரம் ஒரு கீறல், தாடையில் ஒரு கீறல். இரண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மகளிடம் போனேன்.

"அத்தா எப்படிம்மா இருக்கேன்?"

மஹ்ஜபீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பத்தே முக்கால் அத்தா."

"நான் மணி கேக்கல."

"கொழுகொழுன்னு இருக்கீங்க."

ஐம்பத்திரண்டு வயதுக்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மனைவியைப் பார்த்தேன்.

"தொப்பிய நல்லா முன்னால இழுத்து விடுங்க. பாக்குறவுக கண்ணு மேல போயிரும்" என்றாள்.

வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் நேரான பதில் வராது என்று தெரிந்துபோயிற்று.

வாசலில் கார் வந்து நின்றது. சௌகத் அலி, மனைவி, மகன் மூவரும் இறங்கினார்கள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். புழுதிக்கு என்று நினைத்தேன். சலாம் சொல்வதற்காகக் கைக்குட்டையை எடுத்தார்.

தாடையில் பஞ்சு. வலப்பக்கக் கிருதா காது நுனி வரை இருந்தது. இடப்பக்கக் கிருதா காதுக்கு மேலேயே முடிந்துவிட்டது.

அவர் என் பிளாஸ்திரிகளைப் பார்த்தார். நான் அவருடைய பஞ்சைப் பார்த்தேன். சலாம் பாதியில் நின்றது.

"கத்தியா?" என்றார் மெதுவாக.

"கத்திதான். இன்னைக்குத்தான் முதல் நாள். நீங்க?"

"ரெண்டாம் நாள். நேத்துப் பயந்துக்கிட்டே செஞ்சேன், ஒண்ணும் ஆகல. இன்னைக்குத் தைரியம் வந்துருச்சு."

எனக்குப் போன உயிர் திரும்பியது. எதிர் நாற்காலியில் உட்கார வேண்டியவர் சோபாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தோலை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பது, காதோரம் கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்று இருவரும் பேசிய பேச்சில், வந்த காரியமே மறந்துபோயிற்று. ஜெய்தூனும் அவர் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"உங்களுது என்ன கத்தி பாய்?" என்று கேட்டேன்.

"மரக் கைப்பிடி. முனையில பித்தளைப் பூண். வாஜித்துதான் ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தான்."

"அட, அச்சு அசல் அதேதான் எனக்கும்!"

"ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசமாம். இன்னொண்ணு எங்கடான்னு கேட்டேன். வேண்டியவுக வீட்டுக்குக் குடுத்துட்டேன்னான்."

சொல்லி முடித்துவிட்டு அவரே நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். வாஜித் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றுதான் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினான்.

சௌகத் அலி என் தொடையில் தட்டினார். "நீங்களே கேளுங்க சம்பந்தி. நான் கேட்டா பழைய வாத்தியார் பழக்கத்துல காதைத் திருகிருவேன்."

ரோஸ்மில்க் தட்டோடு திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த மகளைப் பார்த்தேன்.

"எம்புட்டு நாளாம்மா?"

மஹ்ஜபீன் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மூணு வருஷமாத்தா. தரகரை அனுப்புனதே நாங்கதான்."