இலவச சார்ஜர்

"வணக்கம் சார், கஸ்டமர் கேர். நான் நிர்மலா பேசறேன்" என்றாள் யுவஸ்ரீ. பிறந்ததிலிருந்து இன்றுதான் முதல் முறையாகப் பெயரை மாற்றிச் சொல்கிறாள்.

"என்னங்க மேடம் லேப்டாப் செய்யறீங்க?" எதிர்முனையில் எடுத்த எடுப்பிலேயே சூடு. "லட்ச ரூபா சாமான். லாக் திறக்க மாட்டேங்குது. சார்ஜரும் இல்ல. 'லாக் திறக்கவும் இலவச சார்ஜருக்கும் இந்த நம்பரைக் கூப்பிடவும்'னு ஸ்க்ரீன்ல வருது. அதான் கூப்பிட்டேன்."

அறையில் அவளைத் தவிர சிவராஜ் மட்டும்தான் இருந்தார். வெளிச்சத்தம் போனில் விழக்கூடாதென்று கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தியிருந்தார். எதிரே உட்கார்ந்து ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார்: 'அட்ரஸ்.'

அது ஒன்றுதான் வேண்டும். அந்த ஆள் அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டால் எல்லாம் போச்சு. மூன்று நாளாக யுவஸ்ரீக்குச் சோறு இறங்காமல் கிடந்தது இந்த ஒரு போனுக்காகத்தான்.

"மன்னிக்கணும் சார். புது டிசைன்ல சார்ஜரைத் தனியாத்தான் அனுப்பறோம். அதுக்கு முன்னாடி லேப்டாப் எப்படி இருக்குன்னு நாலு கேள்வி. உங்க பேரு?"

"பேரு... கோவிந்தன்னு போட்டுக்கங்க. சீக்கிரம் கேளுங்க, பேட்டரி ஒம்போது பர்சென்ட்தான் நிக்குது. ஆமா, கம்பெனி நம்பர்னா ஆயிரத்தி எண்ணூறுன்னுதானே ஆரம்பிக்கும்? இது செல் நம்பரா இருக்குதே?"

சிவராஜின் பேனா நின்றது.

"ஓசூர் ஏரியாவுக்கு இது தனி நம்பர் சார்" என்றாள். பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வருமென்று அவளுக்கே தெரியாது. "சொல்லுங்க, எடை எப்படி இருக்கு?"

"எடையெல்லாம் குறை சொல்ல முடியாதுங்க. தூக்கிட்டு வர்றப்ப கையில இருக்கறதே தெரியல. ஆனா ஓரம் ரொம்பக் கூர். விரல்ல கீறிடுச்சு, பாத்துக்கங்க."

"எழுதிக்கிறேன் சார். ஸ்க்ரீன்?"

"ஸ்க்ரீன் இருக்குது பாருங்க, அடேங்கப்பா!" ஆள் குழைந்துவிட்டார். "முகப்புல ஒரு அம்மா ரோஜாத் தோட்டத்துல சிரிச்சிக்கினு நிக்குதுங்களே, அந்தம்மா மூக்குத்தியில கல்லைக்கூட எண்ணலாம். எண்ணினேன், ஏழு."

யுவஸ்ரீ போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தாள். சிவராஜ் மேசையை ஒரு விரலால் தட்டினார்.

"ஹலோ, மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். அது... மாடல் படம். பத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"ஸ்க்ரீனுக்குப் பத்து. கம்பெனிக்கு ரெண்டு. காசு குடுத்து வாங்கினவனை இப்பிடியா அலைய விடறது? சாயந்திரம் நான் அஞ்செட்டி பஸ் ஏறிருவேன். அங்க டவரே எடுக்காது. அதுக்குள்ள லாக் திறக்கணும்."

"எங்க ஆளே வந்து திறந்து குடுத்துடுவார் சார். சார்ஜரும் அவர் கையிலயே வரும். அட்ரஸ் மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் தள்ளி நின்று யாரோ ரகசியமாகச் சொல்வது கேட்டது: "அட்ரஸ் கொடபேடா."

ஓசூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் கன்னடம் புரியாதா? கொடுக்காதே என்கிறான்.

"கூட இருக்கறவன் வேணாங்கறான் மேடம். போன்லயே ஏமாத்தறவங்க இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்களாமே. சார்ஜரை பஸ் ஸ்டாண்டுக்குக் குடுத்தனுப்புங்க, நானே வந்து வாங்கிக்கறேன்."

சிவராஜ் வேண்டாமென்று தலையை ஆட்டினார். பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருத்தரை எங்கே போய்த் தேடுவது? யுவஸ்ரீக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் காரியம் கெட்டது.

"பயப்படபேடி சார், நாவு மோசா மாடல்ல" என்றாள். பயப்படாதீர்கள், நாங்கள் ஏமாற்ற மாட்டோம் என்ற அடுத்த பொய்யையும் கன்னடத்திலேயே சொல்லியாயிற்று. "லேப்டாப் இருக்கற இடத்துலதான் சர்வீஸ் பண்ணணும்னு ரூல் சார். வேணாம்னா விடுங்க, அடுத்த மாசம் பார்க்கலாம். பேட்டரி எவ்வளவு இருக்கு?"

"ஆறு."

"அது தீர்ந்துட்டா இந்த ஆஃபரும் இல்லை சார்."

சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் சத்தம்கூடக் கேட்டது.

"சரி, எழுதுங்க" என்றார் அவர். "தொரப்பள்ளி ரோடு. ரோஜாப் பண்ணை தாண்டினா பச்சை கேட் போட்ட லைன் வீடு. மூணாவது கதவு. நாலு மணிக்குள்ள வரச் சொல்லுங்க. வெறுங்கையோட வந்தா நடக்கறதே வேற!"

"கண்டிப்பா வருவாங்க சார்."

போனை வைத்தாள். சிவராஜ் முகவரியை இரண்டு முறை படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

"லேப்டாப்பைத் தூரத்துலருந்தே லாக் பண்ணி ஸ்க்ரீனுக்கு நீ அனுப்புன ரெண்டு வரி வேலை செஞ்சிருச்சும்மா. ஆளு எப்பிடி மார்க் போடறான் பாரு! மொதல்ல தண்ணி குடி."

யுவஸ்ரீ தம்ளரைத் தொடவில்லை. எழுந்து போலீஸ் ஸ்டேஷன் அறையின் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஜீப்பை எடுங்க சார். அந்த லேப்டாப் என்னுது. அந்தம்மா எங்கம்மா."