செந்தமிழின் வாய்ப்புண்

டார்ச் வெளிச்சம் மகள் செந்தமிழின் கீழுதட்டுக்குள் விழுகிறது. மரக்காணம் உப்பளத்தில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்த பஞ்சநாதன், டாக்டரம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான். சிவந்த சதையில் வெள்ளை வெள்ளையாகக் குழிகள்; நாக்கின் ஓரத்தில் பெரிதாக ஒன்று. மின்விசிறிக் காற்று பட்டதற்கே பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். "மாசா மாசம் வருதா?" என்கிறார் டாக்டரம்மா. "வருதுங்க. சூட்டுப் புண்ணுன்னு விட்டுட்டேன். சாப்பிடாம இருக்க சாக்கு சொல்றாள்னு..." டாக்டரம்மா குறுக்கிடுகிறார். "சாக்கு இல்லப்பா. நோய எதிர்க்கிற சக்தி உடம்புல இருக்குதில்ல, சில பிள்ளைங்களுக்கு அதுவே ஆள் தெரியாம சொந்த வாய் மேலயே பாஞ்சிடும். சோறு பட்டாலே நெருப்பா எரியும். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்." வெளிச்சம் மெல்லக் கன்னத்துக்கு நகர்கிறது. அங்கே விரல் தடங்கள் இன்னும் மறையவில்லை. காலையில் காரக்குழம்புச் சோற்றைத் துப்பியதற்கு அவன் விட்ட அறை. "இது என்ன தடம்?" உப்பு அரித்த கைகளை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறான். வாயசைத்தாலே வலிக்கும் அந்தப் பிள்ளை, அவன் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கஷ்டப்பட்டு உதட்டைப் பிரிக்கிறாள். "கீழ விழுந்துட்டேன் டாக்டர்."