இரும்புக் கட்டிலின் பாக்கி

தவணையில் வாங்கிய இரும்புக் கட்டிலுக்குப் பேச்சியம்மாள் இன்னும் நானூற்றைம்பது ரூபாய் தர வேண்டும். பணம் அரிசிப்பானைக்குள் எப்போதோ சேர்ந்துவிட்டது. அவள்தான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவணைக்காரர் காதர் பாயின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே, கட்டிலில் கிடக்கும் மகன் தவசிக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். மூளைவாதத்தில் உடம்பு துவண்டுபோகிற பிள்ளைகளும் உண்டு. இவனுக்கு வந்தது இறுகுகிற வகை. இருபத்திரண்டு வயதுக்காரனைத் தேடி அந்த வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் பாய்தான். வந்ததும் அவனுடைய மூடிய கைக்குள் தன் விரலை நுழைப்பார். இழுக்க இழுக்கப் பிடி இறுகும்.

"கடன் குடுத்தவன் நானு. புடிச்சு வச்சிருக்கிறது நீயா மாப்ளே?"

தவசி உடம்பை முறுக்கிக்கொண்டு சிரிப்பான். பிடி தானாகத் தளரும்வரை பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

"அடுத்த வாரம் தந்துர்றேன் பாய்."

இந்த வாரமும் அவள் அதையேதான் சொன்னாள். சித்தாள் வேலையில் சிமெண்ட் அரித்த அவள் விரல்களைப் பாய் கொஞ்சநேரம் பார்த்தார். பிடி தளர்ந்ததும் எழுந்தார்.

"வேணாம் தாயி. இவன வச்சுக்கிட்டு நீ படுறது போதும். பாக்கியத் தள்ளுபடி பண்ணிட்டேன். இனிமே வந்து உன்னையச் சங்கடப்படுத்த மாட்டேன்."

பேச்சியம்மாள் அரிசிப்பானையைப் பார்த்தாள். எடுத்துக் கொடுத்தாலும் கணக்கு முடிந்துதான் போகும். வாசலில் வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குத் தவசி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.