ஜெபம் முடியும் இடம்

இரண்டு தேவாலயங்கள் இருந்ததால் ஓர் ஊர் எரிந்துகொண்டிருந்தது. தீப்பிடித்த வீட்டிலிருந்து, இறகு கத்தரித்த கிளி ஒன்று நடந்தே தப்பி வந்தது. தெருமுனையில் ஒரு பூனை வழிமறித்தது.

"எந்தப் பக்கம், தம்பி?"

"எந்தப் பக்கமும் இல்லை அண்ணே. நான் கிளி."

"காலையில் ஒருத்தன் இப்படித்தான் 'நான் புறா' என்றான். ஜெபத்தைச் சொல்லு, கேட்போம்."

கிளிக்கு விஷயம் புரிந்தது. இரு தரப்புக்கும் ஜெபம் ஒன்றுதான். தீமையிலிருந்து காக்கும்படி கேட்டதும் கத்தோலிக்கர் முடித்துக்கொள்வார்கள். புராட்டஸ்டண்டுகள் ஆண்டவரின் மகிமையைச் சொல்லும் நீண்ட வரி ஒன்றைச் சேர்ப்பார்கள். இரு தரப்பார் வீடுகளிலும் வளர்ந்த கிளிக்கு இரண்டும் மனப்பாடம். இது புராட்டஸ்டண்டுத் தெரு என்பதும் தெரியும். நீளமானதையே சொல்வதென்று தீர்மானித்துத் தொடங்கியது.

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. பூனைகூடத் தலையாட்டிக் கேட்டது. தீமையிலிருந்து காக்கும்படி கேட்டு முடித்த கிளி, அடுத்த வரி நீளமாயிற்றே என்று மூச்சு வாங்க நின்றது.

"ஆமென்" என்ற பூனை, ஒரே கடியில் அதன் கழுத்தை முறித்தது.

பிறகு, ஜெபத்தை அரைகுறையாக விடுவது பாவம் என்று, மீதி வரியைத் தானே நிதானமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தது.