நீலக் கோட்டு

அன்புள்ள இளவரசு,

கல்யாணத்துக்கே பனியனில் போகிற காலத்தில், வீட்டுக்குள் எனக்கு எதற்குக் கல்லூரிக் கோட்டும் டையும் என்று கேட்டிருந்தாய். வரிசையாகச் சொல்கிறேன்.

கணினித் திரையைக் காட்டும் வில்லையைக் கண்ணுக்குள் வைத்த நாளிலிருந்து என் அலுவலகம் அங்கேயேதான் நடக்கிறது. சாப்பிடும்போதும் நான் வேலையில் இருக்கலாம், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மகள் பொற்கொடி எதிரே வந்து நின்று, "அப்பா, இருக்கீங்களா?" என்பாள். மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால் போய்விடுவாள். போன மாதம் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்து அந்த நீலக் கோட்டை எடுத்தேன். வேலை தொடங்கும்போது போடுவேன், முடிந்ததும் கழற்றிவிடுவேன். "இந்த வெயில்ல வெந்துருவீங்க, கலெக்டர் சார்" என்று என் மனைவி சிரித்தாள். பொற்கொடி சிரிக்கவில்லை. நான்கு நாள் தள்ளி நின்று கவனித்தாள்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து, கோட்டிலிருந்து ஒரு கையைத்தான் உருவியிருந்தேன். ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, ஸ்கூல்ல என் பல்லு விழுந்துருச்சு. நான் அழவே இல்ல."

"எப்போம்மா?"

"அது போன வாரம். அதுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னா..."

ஒரு மாதத்துக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை கோட்டு ஒரு தோளிலேயே தொங்கியது.

அன்புடன்,
திருமேனி